செவலையின் வயிற்றில் இருந்தது

செவலை புல்லைத் தொட்டு நான்கு நாளாகியிருந்தது. தவிட்டைக் கரைத்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பெல்லாம் வற்றிக்கொண்டிருக்க, இடப்பக்க வயிறு மட்டும் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனது. கொட்டகையின் தகரக் கூரையில் காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் புனிதா அதன் நெற்றியைத் தடவியபடி நின்றாள். மாட்டின் கண்ணோரத்தில் ஈரம் வழிந்து கோடு போட்டிருந்தது.

அவள் புருஷன் பத்துமலை வெளியே போகும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"கோப்பெங்குக்கு. போலிஸ்ல ரிப்போட் செஞ்சுட்டு வாரேன்."

"யாரு மேல?"

"யாரு மேலன்னு ஒனக்குத் தெரியாதா? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி கருப்பி செத்துச்சு. இப்ப இது. ஒரே கொட்டாயில ரெண்டு மாடு சும்மா சாவுமா? மருந்து வச்சிருக்கான் லா."

"கனகு ஒங்க கூடப் பொறந்தவன்."

"கூடப் பொறந்தவன்தான் வாயத் தொறந்து சொன்னான். நீயும் கேட்டுக்கிட்டுதானே நின்ன?"

புனிதா மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கேட்டது உண்மைதான்.

அவர்கள் இருந்த பிஞ்சாய் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டுவிட்டார்கள். தோட்டத்து ஆபீசும் மூடியாகிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மிஞ்சிய ஒன்பது குடும்பங்களில் பாதிப் பேர் ஈப்போ தொழிற்சாலைகளுக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். பத்துமலைக்கு ஆறு மாடுகள் இருந்தன, கருப்பி போனபின் ஐந்து. கடைசி வீட்டில் அவன் தம்பி கனகராஜ். சுகுமாரன் என்ற காண்ட்ராக்டரிடம் செம்பனைக் காட்டுக்குள் களைக்கொல்லி அடிக்கும் வேலை. காலையில் முதுகில் தொட்டியை மாட்டிக்கொண்டு போனால் மத்தியானம் வரை மருந்து அடிப்பான். வேலை இல்லாத நேரங்களில் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளியும் பயற்றங்காயும் போட்டிருந்தான். ஒருநாள் கருப்பி கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அதையெல்லாம் மேய்ந்து மிதித்துவிட்டது. வேலையிலிருந்து வந்து பார்த்த கனகராஜ் லயமே கேட்கும்படி கத்தினான்.

"இன்னொரு தடவ இந்தப் பக்கம் வந்துச்சு, மருந்த ஊத்திருவேன், சொல்லிட்டேன்!"

மூன்று வாரத்தில் கருப்பி செத்துப்போனது. அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பத்துமலை கோப்பெங் டீக்கடையில் உட்கார்ந்து சொன்னது ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சுகுமாரன் கனகராஜைக் கூப்பிட்டு, "மருந்து தொடுற ஆளு மேல இப்படிப் பேச்சு வந்தா எனக்குப் பேரு கெட்டுப்போகும்பா, வெவகாரம் தெளியட்டும், அப்பறம் வா" என்று சொல்லிவிட்டான். இருபது நாளாக அந்த வீட்டில் வேலை இல்லை. கனகராஜின் மனைவி விமலா தண்ணீர்க் குழாயடியில் புனிதாவைக் கண்டால் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

கனகராஜ்தான் செய்திருப்பான் என்று புனிதாவும் நம்பினாள். வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

"ரிப்போட் நாளைக்குச் செய்யலாம்," என்றாள். "மொதல்ல டாக்டரக் கூப்புடுங்க. இதையும் பொதைக்கிற தெம்பு எனக்கு இல்ல."

அவன் மாட்டின் வயிற்றைப் பார்த்தான். பிறகு கைப்பேசியை எடுத்தான்.

*

மாட்டு டாக்டர் ஈப்போவிலிருந்து வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. ரஜிதா என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும். காரை மண்சாலையில் நிறுத்திவிட்டு, ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு நேரே கொட்டகைக்குள் வந்தாள். பேச்சில் சிலோன்காரர் வீட்டுச் சாயல் இருந்தது.

"எத்தின நாளாச் சாப்பிடேல்லை?"

"இன்னையோட நாலு நாளு டாக்டர்."

"அசை போடுதோ?"

"இல்ல. வாயே அசைய மாட்டேங்குது."

டாக்டர் மாட்டின் இடப்பக்க விலாவில் முஷ்டியை வைத்து அழுத்தினாள். கையை எடுத்தபிறகும் குழி அப்படியே நின்றது, ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவில் விரலை அழுத்தியதுபோல.

"விஷம்தானே டாக்டர்?" என்றான் பத்துமலை. "எழுதிக் குடுத்தீங்கன்னா போலிசுக்குக் காட்டுவேன்."

"விஷம் எண்டால் நாலு நாள் நிண்டுகொண்டு இருக்காது அண்ணே. இங்க கை வச்சுப் பாருங்கோ. உள்ளுக்க என்னவோ அடைச்சுக் கிடக்கு. மாடு எங்க மேயுது?"

"செம்பனைக்குள்ளதான்."

"குப்பைப் பக்கம் போறதோ?"

பத்துமலை புனிதாவைப் பார்த்தான். புனிதா கொட்டகைக்குப் பின்னால் சரியும் நிலத்தைப் பார்த்தாள். நகராண்மைக் குப்பை லோரி தோட்டத்து மண்சாலைக்குள் வருவதில்லை. ஒன்பது வீட்டுக் குப்பையும் அந்தப் பள்ளத்தில்தான் விழுந்தது. மழை பெய்தால் ஒரு பகுதி ஆற்றோடு போகும், மீதி அங்கேயே கிடக்கும்.

"போகும்," என்றாள் புனிதா.

"செத்த மாட்டை வெட்டிப் பாத்தனீங்களோ?"

"இல்ல டாக்டர். அப்படியே பொதச்சிட்டோம்."

டாக்டர் விலாவை மறுபடி தட்டிப் பார்த்தாள். "வயித்தைத் திறந்துதான் எடுக்க வேணும். நிண்டபடியே செய்யலாம், மரக்க ஊசி போடுவன். ஆனா நாலு நாளாகிட்டுது. நான் உறுதி சொல்ல மாட்டன். செய்யட்டோ?"

பத்துமலை மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். புனிதாதான், "செய்ங்க டாக்டர்," என்றாள்.

செவலையை இரண்டு தூணுக்கு நடுவில் நிறுத்திக் கட்டினார்கள். டாக்டர் விலாவில் ரோமத்தை மழித்து, சோப்புப் போட்டுக் கழுவி, வரிசையாக ஊசி குத்தினாள். தெற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று நின்றுபோய்ச் செம்பனை ஓலைகள் அசையாமல் தொங்கின. பத்துமலை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டின் முகத்தைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டான். புனிதா இரண்டு உரச்சாக்குகளை விரித்து, வெந்நீர் வாளியோடு டாக்டர் பக்கத்தில் நின்றாள்.

தோலும் சதையும் திறந்தபோது செவலை ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது. பிறகு அசையவில்லை. டாக்டர் தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டாள். முகத்தைச் சுளித்து, தோளைத் திருப்பி, மெல்ல இழுத்தாள். கறுப்பும் பச்சையுமாக ஒரு கயிறு வருவதுபோல வந்தது. கயிறு இல்லை. முறுக்கேறிப் பிணைந்துபோன பிளாஸ்டிக் பைகள். புளித்த நாற்றம் கொட்டகை முழுவதும் அடித்தது.

"ஐயோ சாமி," என்றான் பத்துமலை.

டாக்டர் மறுபடி கையை விட்டாள். மறுபடி வந்தது. சோறு கட்டிய பை, மீன் வாங்கிய பை, ஐஸ் தண்ணி குடித்த பை உறிஞ்சுகுழலோடு, கோயில் திருவிழாவில் பொட்டலம் கொடுத்த பை. சோற்று வாசனைக்கும் உப்புக்கும் மாடு பையோடு சேர்த்து விழுங்கியிருந்தது. ஒரு சாக்கு நிறைந்தது. தகரத்தில் பெரிய துளிகளாக மழை விழ ஆரம்பித்தது.

"இன்னும் இருக்கா டாக்டர்?"

"இன்னும் பாதிகூட வரேல்லை. மாட்டோட பேசிக்கொண்டு இருங்கோ."

பத்துமலை மாட்டின் காதில் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டாவது சாக்குக்கு வந்தபோது டாக்டர் ஒரு பெரிய உருண்டையைப் போட்டாள். வெந்நீர் பட்டு அதன்மேல் இருந்த பசை கழன்றது. உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. புனிதா குனிந்தாள்.

பை கட்டுகிற சிவப்பு ராஃபியா கயிறு.

அதை விரலால் தடவிப் பார்த்தாள். தினமும் இரண்டு வேளையும் விற்கிற பாலைப் பையில் ஊற்றிக் கட்டுவது அவள் வேலை. காலைப் பாலும் சாயங்காலப் பாலும் மாறிவிடக்கூடாதென்று காலைக்குச் சிவப்பு, சாயங்காலத்துக்கு நீலம். மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டத் தோதாக ஒரு வளையம் விட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகிக் கட்டுவாள். அப்படி வேறு யாரும் கட்டமாட்டார்கள். ஓட்டை விழுந்த பை, விற்காமல் திரும்பிப் புளித்துப்போன பை, எல்லாவற்றையும் கட்டு அவிழ்க்காமலே பள்ளத்தில் வீசுவாள். பால் வாசனைக்கு மாடு வராமல் வேறு எது வரும்?

உருண்டையைப் பிரித்தாள். ஒன்று, இன்னொன்று. சிவப்பு, நீலம், சிவப்பு. எல்லாம் அவள் போட்ட முடிச்சு.

"எந்தக் கழுத ஊருப்பட்ட குப்பையக் கொண்டாந்து கொட்டுதோ," என்று பத்துமலை அங்கிருந்து பல்லைக் கடித்தான்.

புனிதா பேசாமல் இருந்திருக்கலாம். மழை தகரத்தில் அடித்த சத்தத்தில் யார் கேட்கப்போகிறார்கள்? சாக்கைக் கட்டி வைத்துவிட்டால் முடிந்தது. அவள் எழுந்து, அந்த உருண்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இத நல்லாப் பாருங்க."

"என்னா?"

"என் கட்டு. நான்தான் கட்டுனேன். நான்தான் பள்ளத்துல போட்டேன்."

அவன் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். மாட்டின் முகத்தை விடாமலே, "அப்ப கருப்பி?" என்றான்.

"அதுக்கும் இப்படித்தானே உப்புச்சு."

"அப்ப கனகு?"

"கனகு ஒன்னும் பண்ணல."

பத்துமலை மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. தையல் ஊசியை எடுத்துக்கொண்டிருந்த டாக்டர் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஊசியில் நூலைக் கோத்தாள்.

*

மழை விட்டு வெளிச்சம் மங்கும் முன்பே புனிதா கிளம்பிவிட்டாள். டாக்டர் தையல் போட்டு, மருந்து குத்தி, இந்த மாட்டுப் பாலைத் தான் சொல்லும்வரை யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். காலைக்குள் அசை போட்டால் பயமில்லையாம்.

"வாங்களேன்," என்று கூப்பிட்டதற்கு, "நான் எந்த மொகத்தோட வருவேன்?" என்று பத்துமலை கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கழுவிய பைகளை ஒரு வாளியில் போட்டுத் தூக்கிக்கொண்டு கடைசி வீட்டு வாசலில் நின்றாள். விமலா கதவைத் திறந்தாள். உள்ளே மிளகாயில் வதக்கிய நெத்திலி சம்பால் வாசனை.

"என்னா வேணும்?"

"கனகு இருக்காரா? ஒரு வார்த்த சொல்லணும்."

"இருக்காரு. இருவது நாளா வீட்டுலதான் இருக்காரு. எங்க போறதாம்?"

கனகராஜ் பின்னாலிருந்து வந்தான். தாடி வளர்ந்திருந்தது. புனிதா வாளியைக் கீழே வைத்தாள்.

"செவலை வயித்துலேருந்து எடுத்தது. ரெண்டு சாக்கு. இதெல்லாம் நான் பால் கட்டுன பை. கருப்பி செத்ததும் இதாலதான். ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல."

விமலா வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். கனகராஜ் பார்க்கவில்லை.

"அண்ணி, நான் வாய விட்டது தப்புதான். ஆத்திரத்துல சொன்னேன். அண்ணே நம்புனாரு, சரி, அவரு கொணம் தெரிஞ்சதுதான். நீங்களும் நம்புனீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவள் நாக்கு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

"நம்புனேன்."

கனகராஜ் தலையாட்டினான். 

"பொய் சொல்லாம இருந்தீங்களே, அது போதும்," என்றான். பிறகு, "மாடு நிக்குதா?"

"நிக்குது. காலைக்குள்ள அச போடணுமாம்."

"சின்னக் கன்னுக்குட்டியா இருந்தப்ப நான்தான் லா அதுக்குப் புட்டிப்பால் குடுத்தேன்," என்றான் கனகராஜ், விமலாவைப் பார்த்து, ஏதோ அவள் மறுத்துவிட்டதுபோல.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்," என்றாள் விமலா. "அண்ணி, பசியாறுனீங்களா இல்லையா? மொகம் வெளுத்துக் கெடக்கு. உக்காருங்க, சோறு போடுறேன்."

அப்போதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது புனிதாவுக்கு நினைவு வந்தது. நெத்திலி சம்பாலும் கீரையும் சுடுசோறும். மூன்று கவளம் உள்ளே போனதும் அழுகை வந்துவிட்டது. விமலா அதைப் பார்க்காததுபோல இன்னும் கொஞ்சம் கீரையை வைத்தாள்.

*

மறுநாள் விடிந்ததும் கொட்டகைக்கு ஓடினாள். பத்துமலை தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். செவலை படுத்திருந்தது. தலை நிமிர்ந்திருந்தது. தாடை இடமும் வலமுமாக, மெதுவாக, ஒரே சீராக அசைந்தது. புனிதா அவன் தோளை உலுக்கினாள்.

"பாருங்க, பாருங்க! அச போடுது!"

பத்துமலை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று! இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, மாடு மெல்லுவதை, விசேஷ வீட்டுக் கூத்துப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற மாடுகளைக் கறந்த பிறகு பத்துமலை வழக்கம்போலப் பைக்கட்டை எடுத்தான். புனிதா அதை வாங்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

"பை இல்லாம பால எப்படிக் கொண்டுபோறது?"

"கேன்ல."

"வாங்குறவங்க எதுல வாங்குவாங்க?"

"அவங்க பாத்திரத்துல."

"பாத்திரத்தக் கையில வச்சுக்கிட்டா மோட்டார் ஓட்டுவாங்க? ஆளுங்க போயிருவாங்க புனிதா."

"போறவங்க போகட்டும். இன்னொரு தடவ அந்த முடிச்ச மாட்டு வயித்துல பாக்க என்னால ஆகாது."

அன்று அவளே மோட்டாரில் அவன் பின்னால் ஏறி உட்கார்ந்து கோப்பெங்குக்குப் போனாள். கடைத்தெருவில் சதாசிவம் டீக்கடை வாசல் ஆணிகளில்தான் எப்போதும் பால் பைகளை மாட்டிவிட்டு வருவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்தாமலே எட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். விஷயத்தைக் கேட்ட சதாசிவம் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"பை இல்லன்னா எப்படிம்மா? நான் தேத்தண்ணியே பையிலதான் கட்டிக் குடுக்கிறேன். சனங்க கையில பாத்திரம் தூக்குற காலமா இது?"

"அண்ணே, ரெண்டு சாக்கு எடுத்தாங்க. உசிரோட நிக்கிற மாட்டு வயித்துலேருந்து. நான் கண்ணால பாத்தேன்."

"ரெண்டு சாக்கா?"

"உரச்சாக்கு."

சதாசிவம் கொக்கியில் தொங்கிய பைக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். டீக்காகக் காத்திருந்த இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"சரி, நான் ஒன்னு சொல்றேன்," என்றார். "மூடி போட்ட போத்தல், வீட்டுக்கு ரெண்டு. காலிப் போத்தல இங்க வச்சுட்டு, நெறஞ்சத எடுத்துக்கிட்டுப் போகட்டும். எங்கிட்ட காப்பித்தூள் போத்தல் ஒரு பெட்டி நெறையக் கெடக்கு. கழுவிக்கிறது ஒன் பாடு."

"நான் கழுவிக்கிறேன்ணே."

எல்லாரும் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு டீச்சரம்மா கண்ணாடி உடையும் என்று நின்றுகொண்டாள். மூன்று வீட்டார் கடைப் பெட்டிப்பாலுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் வாரக் கடைசியில் ஒரு மலாய்க்கார அம்மா தன் தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள். பையில் வந்த பாலில் ஒரு பிளாஸ்டிக் வாடை இருந்ததாகவும் இப்போது இல்லை என்றும் சொன்னாள். பின்னால் நின்றவளும் அதையே சொன்னாள். புனிதாவுக்கு வீடு வரும்வரை மனசு லேசாக இருந்தது. சாயங்காலம் போத்தல்களைச் சுடுதண்ணீரில் முக்கிக் கவிழ்த்து வைப்பது பை கட்டுவதைவிட இரண்டு மடங்கு வேலை. முதுகு வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தாள்.

*

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளத்தைச் சுத்தம் செய்வதென்று லயத்தில் பேசி முடிவாயிற்று. பேசியது புனிதாவும் விமலாவும். நாற்றத்துக்குப் பயந்து நான்கு வீட்டிலிருந்துதான் ஆள் வந்தது. கையுறையும் சாக்குமாகப் பெண்கள் பொறுக்கினார்கள். நிறைந்த சாக்குகளைக் கோப்பெங் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோக ஒருவர் வேன் கொடுத்திருந்தார். இனிமேல் வீட்டுக் குப்பை வாரத்துக்கு இரண்டு முறை அந்த வேனில்தான் போகவேண்டும் என்று பேச்சு.

பள்ளத்தைச் சுற்றிக் கம்பி வேலி போடுவது ஆண்களின் வேலை. கனகராஜ் ஒரு முனையிலிருந்து சங்குல் மண்வெட்டியால் குழி வெட்டிக்கொண்டு வந்தான். பத்துமலை மறுமுனையிலிருந்து கம்பம் நட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் இன்னும் நேருக்கு நேர் பேசவில்லை. கனகராஜ் ஒருநாள் கொட்டகைக்கு வந்து செவலையைப் பார்த்துவிட்டுப் போனான், பத்துமலை பால் கொண்டுபோயிருந்த நேரம் பார்த்து. பத்துமலையும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுப் பக்கம் போகக் கிளம்பி, பாதி வழியில் வேறு ஏதோ வேலை நினைவு வந்ததுபோலத் திரும்பிவிடுவான். புனிதா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

பத்து மணி வெயிலில் அவள் எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கனகராஜிடம் குவளையை நீட்டியபோது அவன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணி, நாளையிலேருந்து வேலைக்கு வரச் சொல்லிட்டாரு சுகுமாரன்."

"நெசமாவா! யாரு போயிச் சொன்னது? நான் இந்த வாரம் போகலாம்னு இருந்தேனே."

கனகராஜ் மோவாயால் மறுமுனையைக் காட்டினான்.

"நேத்து காலையில சதாசிவம் கடையில அத்தன பேரு பசியாறிக்கிட்டு இருக்காங்களாம். இவரு போயி நடுவுல நின்னாராம். 'எந்தம்பி மேல நான் சொன்னது அத்தனையும் பொய்யி. எங்க வீட்டுப் பைதான் எங்க மாட்டக் கொன்னுச்சு. யாரு யாருகிட்டச் சொன்னேனோ எல்லாரும் கேட்டுக்குங்க'ன்னு சொல்லிட்டு, ஒரு தேத்தண்ணி கூடக் குடிக்காம வந்துட்டாராம். சுகுமாரன் போன் போட்டுச் சொன்னாரு."

புனிதா தன் புருஷனைப் பார்த்தாள். நேற்றுக் காலை வேலிக்கு ஆணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவன், ஆணியோடுதான் வந்தான். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போதும் இந்தப் பக்கம் திரும்பாமல், அடித்த கம்பத்தையே மறுபடி மறுபடி அடித்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

கனகராஜ் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். சங்குலைத் தரையில் போட்டான். சேற்றில் கால் புதையப் புதைய நடந்து அண்ணன் பக்கத்தில் போய் நின்றான்.

பத்துமலை நிமிர்ந்தான். கம்பிச் சுருளின் நுனியை எடுத்து அவன் பக்கம் நீட்டினான்.

"இழுத்துப் புடிடா. தொங்குச்சுன்னா மாடு தாண்டிரும்."

"புடிச்சிருக்கேன்ணே. நீ ஆணிய அடி லா."

சுத்தியல் சத்தம் பள்ளம் முழுக்கக் கேட்டது. விமலா சாக்கோடு வந்து புனிதாவை இடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே குனிந்து, சேற்றுக்குள் பாதி புதைந்து கிடந்த அடுத்த பையைப் பிடித்து இழுத்தார்கள்.